கணக்கியல் வகுப்பு ரசீதிலிருந்து தொடங்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கேரளக் கல்லூரிகளில் முதலாமாண்டு பி.காம். வகுப்புகள் தொடங்கும் இந்த வேளையில், பாலக்காடு மாவட்டத்தின் எல்லைப் பகுதியில் பல ஆண்டுகள் கணக்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அந்தப் பாடம் கற்பிக்கப்படும் விதம் குறித்துத் தங்கள் நாளிதழ் வழியாகச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி, வேலந்தாவளம் ஆகிய ஊர்களிலிருந்து எங்கள் வகுப்புகளுக்கு வரும் பிள்ளைகளில் கணிசமானோர் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்கள். கல்லூரியில் பாடநூல் ஆங்கிலம், ஆசிரியரின் விளக்கம் பெரும்பாலும் மலையாளம், வீட்டில் பேசுவது தமிழ், தேர்வு மறுபடியும் ஆங்கிலம். இந்த நிலையில், 'உள்ளே வருவது டெபிட், வெளியே போவது கிரெடிட்' என்ற விதியை அவர்கள் பொருள் அறியாமலே மனப்பாடம் செய்கிறார்கள். தமிழ்ப் பாடநூலைத் தேடி எடுத்துப் பார்ப்பவருக்கோ குழப்பம் இன்னும் கூடுகிறது. டெபிட் என்பது பற்று, கிரெடிட் என்பது வரவு என்று அதில் இருக்கிறது. வரவு என்றால் வந்தது என்று பிறந்தது முதல் அறிந்த பிள்ளையிடம், பணம் உள்ளே வந்தால் ரொக்கக் கணக்கில் பற்று எழுத வேண்டும் என்று சொன்னால், அது எப்படி ஏற்கும்?

சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய மாணவி ஒருத்தி தொலைபேசியில் அழைத்தாள். நல்ல மதிப்பெண்ணோடு தேறி, ஓர் அரிசி ஆலையில் கணக்கெழுதச் சேர்ந்திருந்தாள். "சார், பேங்க்ல பணம் கட்டினோம். நம்ம புத்தகத்துல பற்றுன்னு எழுதுறோம். ஆனா பேங்க்ல இருந்து வர்ற மெசேஜ்ல வரவு வைக்கப்பட்டதுன்னு இருக்கே. ரெண்டுல எது சார் தப்பு?" என்று கேட்டாள். இரண்டும் சரி, வங்கி எழுதியிருப்பது வங்கியின் புத்தகம் என்று சொல்லிப் புரியவைக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் முதல் வாரத்திலேயே எழ வேண்டிய அந்தக் கேள்வி, மூன்று ஆண்டுப் படிப்பும் முடிந்து வேலைக்குப் போன பிறகு எழுந்தது என்பதை என்னால் எளிதில் கடந்து போக முடியவில்லை. நம் புத்தகத்தையும் வங்கியின் கணக்கையும் ஒப்பிட்டுச் சரிபார்க்கும் வங்கிச் சரிகட்டும் பட்டியலைத் தேர்வில் பிழையின்றிப் போட்டவள் அவள். அந்தப் பாடத்தை அவளுக்கு நடத்தியவன் நான்.

அதன் பிறகுதான் நான் பற்றுப் புத்தகத்தை வகுப்புக்குள் கொண்டுவந்தேன். எங்கள் பகுதியில் மளிகைக் கடையிலும் டீக்கடையிலும் கடனுக்கு வாங்குவோரின் கணக்கை எழுதும் புத்தகத்துக்கு அதுதான் பெயர். மலையாளம் பேசுவோரும் 'பற்று புக்' என்றே சொல்வார்கள். முருகேசன் பற்று 200 என்றால் முருகேசன் 200 ரூபாய்க்குச் சரக்கு எடுத்துச் சென்றார் என்று பொருள். முருகேசன் வரவு 150 என்றால் அவரிடமிருந்து 150 வந்தது என்று பொருள். பற்றியவர் கணக்கில் பற்று, தந்தவர் கணக்கில் வரவு என்ற இந்த முறைக்கும் ஆங்கிலப் பாடநூலின் விதிக்கும் அணுவளவும் வேறுபாடு இல்லை. இனி, கல்லாப்பெட்டியையும் ஓர் ஆளாக எண்ணிக்கொள்ளச் சொல்ல வேண்டும். பணத்தைப் பற்றிக்கொண்டது பெட்டி, ஆகவே பெட்டியின் கணக்கில் பற்று. வங்கியில் பணம் கட்டினால், நம் புத்தகத்தில் பற்றியது வங்கி. வங்கியின் புத்தகத்தில் தந்தவர் நாம். அந்த மாணவியின் கேள்விக்கு விடை இந்த ஒரு வரியில் இருக்கிறது. பற்று, வரவு, நாள்வழி (அன்றாடப் பதிவேடு), பேரேடு (ஒவ்வொரு கணக்கையும் தனித்தனியாகத் தொகுக்கும் ஏடு) ஆகிய நான்கு சொற்களும் தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவானவை என்பதால், ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கும் இரு மொழிப் பிள்ளைகளுக்கும் ஒரே விளக்கம் போதுமானதாக இருந்தது.

ஒவ்வொரு நடவடிக்கையையும் ஒரு கணக்கில் பற்றாகவும் மற்றொன்றில் வரவாகவும் எழுதும் இரட்டைப் பதிவு முறையை முதன்முதலில் அச்சில் விளக்கியவர் லூக்கா பாசியோலி, ஆண்டு 1494, இடம் வெனிஸ் என்று எல்லா மாணவரும் ஒரு மதிப்பெண் வினாவுக்காகப் படிக்கிறார்கள். அவர் அதை அறிஞர்களின் மொழியான இலத்தீனில் எழுதாமல் மக்கள் பேசிய இத்தாலிய மொழியில் எழுதினார் என்பதையும், வணிகர் வைத்திருக்க வேண்டிய மூன்று புத்தகங்களில் முதலாவதாக நடந்ததை நடந்தபடி உடனுக்குடன் குறிக்கும் சிட்டையைத்தான் சொன்னார் என்பதையும் யாரும் கற்பிப்பதில்லை. சிட்டைக்குப் பிறகு, பற்று வரவாகப் பிரித்து நாள்வாரியாக எழுதும் குறிப்பேடு, அதன் பிறகு பேரேடு என்பது அவர் சொன்ன வரிசை. நம் பாடத்திட்டமோ முதற்படியை விட்டுவிட்டு இரண்டாம் படியில் தொடங்குகிறது. 'இராமன் 5,000 ரூபாய்க்குச் சரக்கு வாங்கினார்' என்று யாரோ முன்பே சுருக்கிக் கொடுத்த வாக்கியத்திலிருந்து பதிவு எழுதப் பழகும் மாணவர், ஒரு ரசீதைக் கையில் வாங்கி அதில் நடந்தது என்ன என்று தாமே படித்தறிய ஒருபோதும் பழகுவதில்லை.

எல்லைப்புறத்தில் இந்தக் குறை இன்னும் பெரிதாகத் தெரியும். கோயம்புத்தூர் மொத்த வியாபாரி ஒருவர் கொழிஞ்சாம்பாறையில் உள்ள பெயிண்ட் கடைக்கு 40,000 ரூபாய்க்குச் சரக்கு அனுப்புகிறார் என்று கொள்வோம். பில்லில் அவருடைய ஜி.எஸ்.டி. எண் 33 என்று தொடங்கும், அது தமிழ்நாடு. வாங்குபவருடையது 32 என்று தொடங்கும், அது கேரளம். இது மாநிலம் விட்டு மாநிலம் வரும் சரக்கு என்பதால் 18 விழுக்காடு ஐ.ஜி.எஸ்.டி. (மாநிலங்களுக்கிடையிலான சரக்கு, சேவை வரி), அதாவது 7,200 ரூபாய். (மொத்தம் 47,200; 50,000 ரூபாயைத் தாண்டாததால் சரக்கோடு செல்ல வேண்டிய மின்னணுச் சீட்டான இ-வே பில் தேவைப்படவில்லை என்பதையும் மாணவரே கண்டுபிடிக்க வேண்டும்.) அதே சரக்கை உள்ளூரில் 50,000 ரூபாய்க்கு விற்றால் மத்திய வரி 4,500, மாநில வரி 4,500. முன்பு கட்டிய 7,200 ரூபாயில் 4,500 ரூபாயை மத்திய வரியிலும் மீதி 2,700 ரூபாயை மாநில வரியிலும் ஈடுகட்டினால், மாநில வரியில் 1,800 ரூபாய் ரொக்கமாகச் செலுத்த வேண்டியிருக்கும். எத்தனை கணக்குகள், எந்த வரி எதனோடு கழியும், கடைக்காரரின் கொள்முதல் விலை 40,000 ரூபாயா 47,200 ரூபாயா என்று இந்த இரண்டு தாள்களை வைத்துக்கொண்டு ஒரு வாரம் பாடம் நடத்தலாம். 2017 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் வரி இது. ஆயினும் முதல் பருவத்துப் பயிற்சிக் கணக்குகளில் பல இன்றும் வரியே இல்லாத உலகில்தான் நடக்கின்றன.

கணினியில் டேலி என்ற கணக்கு மென்பொருளைக் கற்றுக்கொண்டால் இவையெல்லாம் தாமாக வந்துவிடும் என்று பெற்றோர் நம்புகிறார்கள். பணம் கொடுத்ததற்கு எஃப்5, பணம் வந்ததற்கு எஃப்6, விற்பனைக்கு எஃப்8 என்று விசைகளை மாணவர்கள் விரைவில் கற்றுக்கொள்கிறார்கள். அது தேவையான பயிற்சியே. ஆனால் தென்னந்தோப்பு மோட்டாருக்குக் காயில் (கம்பிச் சுருள்) கட்டிய கூலி பழுதுச் செலவு என்பதையும், புதிய மோட்டார் வாங்கிய பணம் சொத்து என்பதையும் எந்த விசையும் சொல்லித் தராது. காயில் கட்டிய கூலியைச் சொத்தில் சேர்த்து எழுதினாலும் எல்லாக் கணக்குகளின் பற்று, வரவு மீதிகளையும் கூட்டிப் பார்க்கும் இருப்பாய்வு இரு பக்கமும் சமமாகவே நிற்கும். இரு பக்கமும் ஒத்துவிட்டால் கணக்கு சரி என்ற எண்ணத்தை நம் தேர்வு முறையே வளர்க்கிறது. ஒத்துப்போகும் பிழைகள்தான் தொழிலில் ஆபத்தானவை.

ஆசிரியர்களைக் குறைகூற நான் இதை எழுதவில்லை. பெரிய வகுப்பு, குறுகிய பருவம், இடையில் அகமதிப்பீட்டு வேலைகள் என்று அவர்கள் படும் பாட்டை நன்கு அறிவேன். 2024-இல் தொடங்கிய நான்காண்டு இளங்கலைத் திட்டத்தில் பாடத்தின் ஒரு பகுதியை ஆசிரியரே வகுத்துக்கொள்ள இடம் விடப்பட்டிருக்கிறது. அந்த நேரத்தை ரசீதுகளுக்குக் கொடுக்கலாம். உள்ளூர்க் கடைகளிலும் பால் சங்கங்களிலும் முதலமடை மாங்காய் மண்டிகளிலும் கேட்டால் பழைய பில்களைத் தர மறுக்க மாட்டார்கள். பெயரையும் தொலைபேசி எண்ணையும் மறைத்து நகல் எடுத்துக்கொண்டால் போதும். தெர்மல் தாளில் அச்சான ரசீதுகள் சில மாதங்களில் வெளுத்துவிடும் என்பதால், வாங்கிய அன்றே நகல் எடுத்துக் கோப்பில் வைப்பதையும் மாணவருக்குப் பழக்கிவிடலாம்.

பல்கலைக்கழகத்திடம் என் வேண்டுகோள் இரண்டு. முதலாவது, முதல் பருவத் தேர்வில் ஒரு வினாவாவது நான்கைந்து ரசீதுகளை அச்சிட்டுக் கொடுத்து அவற்றிலிருந்து பதிவுகளை எழுதச் சொல்வதாக அமைய வேண்டும். தேர்வில் கேட்கப்படாத எதுவும் வகுப்பில் நிலைப்பதில்லை. இரண்டாவது, ஆங்கிலம், மலையாளம், தமிழ் ஆகிய மூன்று மொழிகளிலும் கணக்கியல் சொற்களைக் கொண்ட சிறு பட்டியல் ஒன்றை முதலாமாண்டு மாணவர்களுக்கு வழங்க வேண்டும். தமிழ்நாடு அரசின் மேல்நிலைக் கணக்குப்பதிவியல் நூல்களில் தமிழ்ச் சொற்கள் ஏற்கெனவே ஒழுங்குபடுத்தப்பட்டிருப்பதால் புதிதாக உருவாக்க வேண்டியவை மிகக் குறைவு. அப்பட்டியலைத் தொகுக்கும் பணியில் என் போன்ற ஓய்வு பெற்றவர்களின் உதவி தேவைப்பட்டால், ஊதியம் எதுவுமின்றிச் செய்துதர ஆயத்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற வணிகவியல் ஆசிரியர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.