கலவை இசை மேடையில் முதலில் கட்டையைப் பேசுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மிருதங்கம், எர்ஹு (சீனத்து இரு தந்தி வாத்தியம்), கிட்டார், கமெலான் (இந்தோனேசிய வெண்கல வாத்தியக் குழு) எல்லாவற்றையும் ஒரே மேடையில் ஏற்றும் நிகழ்ச்சிகள் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் நடக்கின்றன. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் 'இந்தக் கலவையெல்லாம் ஒத்துவராது' என்று பாதியில் எழுந்து போகிறவர்களும் உண்டு. பல நேரம் ஒத்துவராமல் போவது சுருதிதான், அதாவது நாம் 'கட்டை' என்று எண்ணிச் சொல்லும் ஆதார சுரம்.

எர்ஹுவின் இரண்டு தந்திகளை வழக்கமாக டி, ஏ சுரங்களுக்குச் சேர்ப்பார்கள். டி நம் இரண்டு கட்டை. பாடகர் இரண்டு கட்டையில் பாடினால் அந்தத் தந்திகள் தாமே சட்ஜமும் ('ச') பஞ்சமமும் ('ப') ஆகிவிடும். விரல் வழுக்கி வாசிக்கும் வாத்தியம் என்பதால் கமகமும் (சுரத்தை அசைத்துப் பாடுவது) ஓரளவு பிடிபடும். 'எனக்கு இரண்டரைதான்' என்று பாடகர் பிடிவாதம் பிடித்தால் தந்திகளை முறுக்கி ஏற்ற வேண்டும்; பாட்டின் நடுவே அவை இறங்கிவிடும். பாடகர் இறங்கி வருவதே சுலபம். கிட்டாருக்கு இந்தத் தொல்லை இல்லை. முதல் ஃபிரெட்டில் கேப்போ (தந்திகளை அழுத்தும் கவ்வி) மாட்டி டி கார்டு பிடித்தால் இரண்டரை, ஜி பிடித்தால் ஐந்தரை. சுருதிப் பெட்டியை மட்டும் ட்யூனரில் 440க்கு (ஏ சுரம் 440 ஹெர்ட்ஸ்) சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கீபோர்டின் அந்தர காந்தாரம் (மேல் 'க') தம்புராவோடு சேரும் காந்தாரத்தைவிட 14 சென்ட் உயரம் (அரைச் சுரம் 100 சென்ட்). நீட்டிப் பிடித்தால் காது கூசும். கீபோர்டுக்காரர் சட்ஜம், பஞ்சமத்தோடு நிறுத்திக்கொண்டால் போதும்.

கமெலானில் வளைந்து கொடுக்க வழியே இல்லை. வெண்கலத்தின் சுரம் பட்டறையிலேயே முடிவாகிவிடுகிறது. ஒரு செட்டைப் போல இன்னொன்று இராது. அதன் ஸ்லெண்ட்ரோ என்ற ஐந்து சுர அமைப்பை 'நம்ம மோகனம்' ராகம் என்று அறிவிப்பாளர்கள் சொல்லிவிடுகிறார்கள். ஸ்லெண்ட்ரோ ஒரு ஸ்தாயியை ஏறத்தாழ சமமான ஐந்து படிகளாக வெட்டியது. அதன் மூன்றாம் சுரம் காந்தாரத்தைத் தாண்டி சுத்த மத்திமத்தின் (கீழ் 'ம') பக்கத்தில் விழும். எனவே மத்தியமாவதி ராகம்தான் கிட்டே வரும், அதுவும் நிஷாதம் ('நி') சற்றே இறக்கமாக. கமெலானையும் பாட்டையும் ஒன்றாக ஒலிக்கவிடாமல், கமெலான் ஓய்ந்தபின் அதன் ஒரு சுரத்தையே சட்ஜமாக எடுத்து ஆலாபனையைத் தொடங்கினால் கேட்க அழகாக இருக்கும்.

ஒலியமைப்பில் ஒன்று. பாடகரின் மைக்குக்காக மிக்சரில் அழுத்திய லோ-கட் (தாழ்ந்த ஒலிகளை வெட்டும்) பட்டனை உறுமி மேளம் ஏறும்போது எடுத்துவிட மறக்கிறார்கள். வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து எழுப்பும் அந்த உறுமல் மெலிந்து, வெறும் அடிச்சத்தம்தான் மிஞ்சும்.

மிருதங்கத்தை ஒரு மணி நேரம் முன்பே குளிர்சாதன மண்டபத்துக்குள் கொண்டுவந்து வைக்கட்டும். வெளியே ஈரக்காற்றில் தளர்ந்திருந்த தோல் உள்ளே உலர்ந்து இறுகும், சுருதி ஏறும். வாசலில் சுருதி சேர்த்துவிட்டு நேராக மேடை ஏறினால், மூன்றாம் பாட்டிலேயே கல்லை எடுத்துத் தட்டிச் சுருதியைச் சரிசெய்ய வேண்டிவரும்.

இப்படிக்கு,
மேடை ஒலியமைப்பாளர்,
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்