பாறைக்குப் பட்டா உண்டா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் பாறையேற்றம் குறித்து வந்த கட்டுரையில், ‘முறை தெரியாத உள்ளூர்ப் பிள்ளைகள் வழித்தடங்களைப் பாழாக்குகிறார்கள்’ என்ற வரிக்கு மேல் படிக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பிள்ளைகளை அழைத்துச் சென்றவன் நான்தான் என்பதால் எழுதுகிறேன்.

31 ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் மாணவர்களுடன் எங்கள் ஊர் வழுக்குப்பாறைக்குச் சென்றபோது, கயிறு மாட்டுவதற்காகப் பாறையில் அடித்திருந்த முதல் போல்ட்டில், பிறர் ஏறக் கூடாது என்பதற்கு அடையாளமாகச் சிவப்பு ரிப்பன் ஒன்று கட்டியிருந்தது. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி அதைத் தொடாமல், பக்கத்து வெடிப்பில் விரல்களைச் செருகி, வெறுங்காலுடன் ஆளுயரம் ஏறிவிட்டாள். வெளியூர்க் குழுவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர், “இது எங்க ப்ராஜெக்ட். நாங்க முடிக்கிற வரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது, இறங்கு” என்றார். அவள் இறங்கி, சிராய்த்த உள்ளங்கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு என் பின்னால் வந்து நின்றாள். எந்தத் தாலுகா அலுவலகத்தில் பட்டா வாங்கினீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். பிள்ளைகள் முன்னிலையில் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

முறை வேண்டாம் என்பது என் கட்சியல்ல. கைக்காசு போட்டுத் துளையிட்டு வழி திறந்தவர் முதலில் ஏறி முடிக்கட்டும் என்று மற்றவர்கள் காத்திருப்பது பல நாடுகளிலும் உள்ள வழக்கம்தான். கயிற்றை மிதிக்காதே, ஏறுபவருக்கு நேர்கீழே நிற்காதே, கை வழுக்காமலிருக்கப் பூசும் மக்னீசியப் பொடி பாறையில் படிந்தால் துலக்காமல் திரும்பாதே என்று நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். முறை தெரிந்த அக்குழுவினர் போன பிறகு பாறையில் வெள்ளை வெள்ளையாகக் கைத்தடங்களை எண்ணியதும் எங்கள் பிள்ளைகள்தான்.

தென் அமெரிக்காவில் படகோனியாவின் செரோ டோரே சிகரத்தில் 1970இல் இத்தாலிய மலையேறி சேசரே மேஸ்ட்ரி கம்ப்ரசர் இயந்திரம் கொண்டு போல்ட்டுகளை அடித்ததும், 2012இல் இரு இளைஞர்கள் அவற்றில் நூற்றுக்கு மேல் கழற்றி எறிந்ததும் தாங்கள் அறியாததல்ல. அந்தச் சண்டை பாறைக்கு என்ன செய்யலாம் என்பதைப் பற்றியது. பாறையை யார் தொடலாம் என்பதைப் பற்றியதல்ல.

உள்ளூர்க்காரர்களுக்குப் பாறையின் அருமை தெரியாது என்ற தொனிதான் இன்னும் உறுத்துகிறது. அரிட்டாபட்டிப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாமென்று மேலூர்ப் பக்கத்து மக்கள் மதுரை வரை நடந்தார்களே, 2025 ஜனவரியில் ஏலம் ரத்தாயிற்றே, அப்போது இந்த வழித்தடக் காவலர்களில் ஒருவரையும் நான் சாலையில் பார்க்கவில்லை. ஒருவேளை அன்றும் எங்காவது ப்ராஜெக்டில் இருந்திருப்பார்கள்.

இப்போது அந்தப் பாறைக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் சூட்டியிருக்கிறார்கள். தாங்களும் படத்தின் கீழ் அதையே அச்சிட்டிருக்கிறீர்கள். அடுத்த இதழில் ஒரு மூலையிலாவது ‘வழுக்குப்பாறை’ என்று திருத்தம் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
ஒத்தக்கடை, மதுரை.