சண்டை போடுபவர்கள் கேட்டது ஒரே ஆல்பத்தையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்து ராக் இசைக்குழுவான பிங்க் ஃபிளாய்டின் ‘எ மொமென்ட்டரி லாப்ஸ் ஆஃப் ரீசன்’ ஆல்பம் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையையும், அதையொட்டி வந்த வாசகர் கடிதங்களையும் படித்தேன். குழுவின் பெரும்பாலான பாட்டுகளை எழுதிய ரோஜர் வாட்டர்ஸ் இல்லாதது பிங்க் ஃபிளாய்டே இல்லை என்று கோயம்புத்தூர் வாசகர் ஒரே போடாகப் போட்டிருந்தார். திருநெல்வேலி வாசகரோ அந்த ஆல்பத்தின் டிரம்ஸ் எவ்வளவு இயல்பாக இருக்கிறது, ரிச்சர்ட் ரைட்டின் கீபோர்டு எவ்வளவு நிறைவாக இருக்கிறது என்று உருகியிருந்தார். அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. 1987-ல் வந்த ஆல்பத்தைக் கேட்டவர் யாரும் அதைப் பற்றி எது சொன்னாலும் சொல்வார், டிரம்ஸ் இயல்பாக இருக்கிறது என்று மட்டும் சொல்ல மாட்டார். அவர் கேட்டது 2019-ல் ‘தி லேட்டர் இயர்ஸ்’ பெட்டித் தொகுப்புக்காகச் செய்த புதிய மிக்ஸிங், அதாவது தனித்தனியாகப் பதிவான குரலையும் வாத்தியங்களையும் மறுபடி அளவு பார்த்துச் சேர்த்தது. 2021-ல் அது தனியாகவும் வெளிவந்தது. இரண்டுக்கும் ஒரே பெயர், ஏறக்குறைய ஒரே மாதிரி அட்டை. கோயம்புத்தூர்க்காரர் திட்டுவது ஒன்றை, திருநெல்வேலிக்காரர் புகழ்வது இன்னொன்றை.

மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் கேசட் ரெக்கார்டிங் கடை வைத்திருந்தவன் நான். வெற்று கேசட்டும் பாட்டு லிஸ்ட்டும் கொடுத்தால் பதிவு செய்து தருவோம். பிழைப்பு இளையராஜாவால் ஓடியது. ஆங்கில ஆல்பம் கேட்டு வந்தவர்கள் பெரும்பாலும் அமெரிக்கன் கல்லூரி, மருத்துவக் கல்லூரி மாணவர்கள்தான். இந்த ஆல்பம் சுமார் 51 நிமிடம். எல்.பி. இசைத்தட்டின் ஒவ்வொரு பக்கமும் அறுபது நிமிடக் கேசட்டின் ஒரு பக்கத்தில் வெட்டாமல் அடங்கிவிடும், அதனால் எங்களுக்கும் சௌகரியம். கேசட் அட்டையில் நான் பெயர் எழுதிக்கொண்டிருந்தபோது மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவர், “அண்ணே, இதுல பிங்க் ஃபிளாய்டுனு எழுதாதீங்க, கில்மோர்னு மட்டும் போடுங்க” என்றார். வாட்டர்ஸ் போன பிறகு குழுவை நடத்திய கிடார் கலைஞர்தான் டேவிட் கில்மோர். பக்கத்தில் நின்ற அவர் நண்பருக்குக் கோபம் வந்துவிட்டது. என் கடை வாசலிலேயே தொடங்கிய அந்தச் சண்டை இன்றைக்குத் தங்கள் கடிதப் பகுதிவரை வந்திருக்கிறது!

முதலில் கடிதங்களில் வந்த ஒரு தகவலைத் திருத்தியாக வேண்டும். வாட்டர்ஸை மற்றவர்கள் வெளியேற்றிவிட்டதாக ஒருவர் எழுதியிருந்தார். 1985-ல் அவர் தானாகத்தான் விலகினார். அவர் போனதோடு குழுவும் முடிந்தது என்பது அவர் வாதம். 1986-ல் நீதிமன்றம் போனார். 1987 டிசம்பரில் சமரசம் ஆயிற்று, ஆல்பமோ செப்டம்பரிலேயே கடைக்கு வந்துவிட்டது. உண்மையில் வெளியேற்றப்பட்டவர் ரைட். குழுவின் ‘தி வால்’ ஆல்பப் பதிவின்போது, 1979-ல், அவரைப் போகச் சொன்னவர் இதே வாட்டர்ஸ். 1983-ல் வந்த ‘தி ஃபைனல் கட்’டில் ரைட் கிடையாது. அதன் கடைசிப் பாட்டுக்குக் குழுவின் டிரம்மர் நிக் மேசனுக்குப் பதிலாக ஆண்டி நியூமார்க் டிரம்ஸ் வாசித்தார். அந்த ஆல்பத்தைப் போலி என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆள் குறைந்தால் போலி என்பதுதான் அளவுகோல் என்றால், அதை 1983-லேயே எடுத்திருக்க வேண்டும்.

1987 ஆல்பத்தில் இருப்பவர்கள் ‘கூலிக்கு வாசித்தவர்கள்’ என்பது அடுத்த குற்றச்சாட்டு. டோனி லெவின், ஜிம் கெல்ட்னர், கார்மைன் அப்பிஸ் என்று வெளியாட்கள் நிறையப் பேர் வாசித்திருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் இதே குழுவின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ ஆல்பத்தில் உலகமே கொண்டாடும் அந்தப் பெண் குரல் யாருடையது? கிளேர் டோரி, முப்பது பவுண்டு சம்பளத்துக்கு வந்து பாடிவிட்டுப் போனவர். வழக்குப் போட்ட பிறகு 2005-ல்தான் அவருக்கு இசையமைப்பில் பங்கு கிடைத்தது. குழுவின் ‘ஹேவ் எ சிகார்’ பாட்டைப் பாடியவரும் வெளியாள்தான், ராய் ஹார்ப்பர். மதுரைக்காரர்களுக்கு இது புதிதே இல்லை. இங்கே ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் இன்னோர் ஊர். ஒவ்வொருவரையும் தனித்தனியாக ஒப்பந்தம் பேசி வரவழைக்கிறார்கள், ஒத்திகை கூடக் கிடையாது, விடிய விடிய வள்ளி திருமணம் நடக்கிறது. எந்தக் கம்பெனி என்று யாரும் கேட்பதில்லை. ஆர்மோனியம் சரியாக இருந்ததா என்றுதான் கேட்பார்கள்.

அப்படிக் கேட்டால் 1987 ஆல்பத்தில் ஆர்மோனியம் சரியில்லை என்றுதான் நான் சொல்வேன். வாட்டர்ஸ் ரசிகர்களோடு நான் ஒத்துப்போகும் இடம் அது, காரணம்தான் வேறு. நிக் மேசனுக்கு அப்போது வாசிப்புப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. தன் கையின் மேல் நம்பிக்கை இல்லாமல் வெளி டிரம்மர்களுக்கும் மெஷினுக்கும் இடம் விட்டார், அதற்காகப் பிற்பாடு வருத்தப்பட்டும் எழுதியிருக்கிறார். ரைட் வந்து சேர்ந்தபோது வேலை பெரும்பாலும் முடிந்திருந்தது. முழு உறுப்பினராகச் சேர்க்கச் சட்டச் சிக்கல், ஆகவே அட்டையின் உள்ளே இருக்கும் புகைப்படத்தில் கில்மோரும் மேசனும் மட்டும். ரைட்டின் பெயர் மற்ற வாத்தியக்காரர்களின் பெயரோடு சேர்ந்து கிடக்கிறது. அதோடு அந்தக் காலத்து எக்கோ வேறு, டிரம்ஸில் ஒவ்வோர் அடியும் காலி கல்யாண மண்டபத்தில் விழுவது மாதிரி கேட்கும். என் கடை டெக்கில் ஈக்வலைசரை எப்படித் திருகினாலும் அதைச் சரிக்கட்ட முடிந்ததில்லை.

பாட்டு வரிகளும் இளைத்துத்தான் இருக்கின்றன. ‘தி டாக்ஸ் ஆஃப் வார்’ பாட்டை நான் எப்போதுமே தாண்டிவிடுவேன். ஆனால் ‘ஸாரோ’! கில்மோர் தேம்ஸ் நதியில் நிறுத்தியிருந்த தன் ‘அஸ்டோரியா’ படகு ஸ்டூடியோவில், ஒரு வார இறுதியில் தனியாக உட்கார்ந்து, டிரம் மெஷினையும் தானே ஓட்டிச் செய்தது. அதன் தொடக்கத்தில் வரும் கிடார் முழக்கத்தை லாஸ் ஏஞ்சலஸில் ஒரு பெரிய விளையாட்டரங்கத்தில் ஸ்பீக்கர்கள் வழியே விட்டுப் பதிவு செய்தார்கள். அந்த ஒரு பாட்டுக்காகவே கேசட்டின் இரண்டாம் பக்கத்தைத் தேய்த்தவர்கள் மதுரையில் உண்டு. முதல் உருப்படியான ‘சைன்ஸ் ஆஃப் லைஃப்’ படகுத் துடுப்புச் சத்தத்தோடு தொடங்குவதும் அந்தப் படகால்தான்.

இப்போது புதிய மிக்ஸிங்குக்கு வருகிறேன். மேசன் டிரம்ஸைப் புதிதாக வாசித்துக் கொடுத்தார். ரைட்டின் கீபோர்டைப் பிற்காலக் கச்சேரிப் பதிவுகளிலிருந்தும் எடுத்துச் சேர்த்தார்கள். காதுக்கு நன்றாக இருக்கிறது. ரைட்டுக்கு நியாயம் கிடைத்துவிட்டது என்று திருநெல்வேலி வாசகர் மகிழ்கிறார், அந்த மகிழ்ச்சியும் எனக்குப் புரிகிறது. எனக்கு உறுத்துவது வேறு. ரைட் 2008 செப்டம்பரில் இறந்துவிட்டார். மேடையில் வேறொரு நாள், வேறொரு சூழலில் வாசித்ததை இந்த ஆல்பத்தில் ஒட்டலாமா என்று அவரிடம் கேட்க வழியில்லை. 1987-ல் அவரை ஓரமாக உட்கார வைத்த ஆல்பத்தில் இப்போது அவர் நடுநாயகமாக ஒலிக்கிறார். அவரை ஓரங்கட்டிய கதை அந்தப் பழைய ஒலியில்தான் இருக்கிறது. கேட்கக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தாலும் பழையதுதான் உள்ளதைச் சொல்கிறது. அதில் ஒரு குழு பாதி உடைந்து, கோர்ட்டுக்கும் ஸ்டூடியோவுக்கும் அலைந்துகொண்டிருந்த பதற்றம் அப்படியே கேட்கிறது. புதியதைக் கேட்டால் நால்வரில் மூவர் நிம்மதியாக உட்கார்ந்து வாசித்தது போலிருக்கும். 1987-ல் அப்படி ஒரு நாள் அவர்களுக்கு வாய்க்கவில்லை.

அதற்காகப் புதியதைக் கேட்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. இதே ஆல்பத்தின் ‘லேர்னிங் டு ஃபிளை’ பாட்டைக் கேட்கிறவர்கள் புதியதையே கேட்டுக்கொள்ளட்டும், எனக்கும் அதுதான் பிடித்திருக்கிறது. ‘ஸாரோ’வுக்கு நான் பழையதைவிட்டு நகர மாட்டேன். மெஷின் டிரம்ஸின் அந்த வறட்சி அந்தப் பாட்டுக்குப் பொருந்துகிறது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த ஆல்பத்தைப் பற்றி இனி கட்டுரையோ கடிதமோ வந்தால், எழுதியவர் கேட்டது 1987 பதிப்பா, 2019 மிக்ஸிங்கா என்று விசாரித்து, தலைப்புக்குக் கீழேயே போட்டுவிடுங்கள். செல்போனில் கேட்பவர்கள் ஆல்பத்தின் பெயருக்குப் பக்கத்தில் ரீமிக்ஸ் என்று சின்னதாகப் போட்டிருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். திருநெல்வேலி வாசகர் பழையதை ஒரு தடவையும், கோயம்புத்தூர் வாசகர் புதியதை ஒரு தடவையும் கேட்டுவிட்டு மறுபடி எழுதினால், இருவர் கடிதத்தையும் ஆவலோடு படிப்பேன்.

இப்படிக்கு,
பழைய ரெக்கார்டிங் கடைக்காரர்,
சிம்மக்கல், மதுரை.