முகாமில் ‘மார்க்கர்’ டெஸ்ட் வேண்டாம்: செட்டிநாட்டு ஊர்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கண்டனூர் வட்டாரத்தில் மருத்துவ முகாம் நடத்தும் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

உங்கள் முகாம்களில் ரத்தம் எடுத்துக் கொடுத்துவந்த ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன் நான். இந்த ஆண்டு நோட்டீசில் இளைஞர்களுக்கான பேக்கேஜில் ‘விரைப் புற்றுநோய் மார்க்கர்’ என்று ஒரு வரி சேர்ந்திருக்கிறது. விரையில் புற்றுக்கட்டி இருந்தால் ரத்தத்தில் கூடக்கூடிய பொருட்களைத்தான் மார்க்கர் என்கிறோம். ஏ.எஃப்.பி. என்ற புரதம், கர்ப்பம் பார்க்கவும் எடுக்கும் பீட்டா ஹெச்.சி.ஜி. ஹார்மோன், எல்.டி.ஹெச். என்ற நொதி, இந்த மூன்று டெஸ்ட்டும் இலவசம். நன்கொடை கொடுத்தவருக்கு நல்ல மனம்தான். பணம்தான் தவறான இடத்துக்குப் போகிறது.

15 முதல் 40 வயதுக்குள் அதிகம் வரும் நோய் இது. நம் நாட்டில் அரிது. கட்டி கையில் தட்டுப்படும்போதுகூட இந்த மூன்றும் இயல்பாக இருக்கலாம். விரைப் புற்றில் இரண்டு பெரிய வகை உண்டு, செமினோமா, செமினோமா அல்லாதது. இதில் செமினோமா வகைக் கட்டி ஏ.எஃப்.பி.யைச் சுரப்பதே இல்லை. மறுபுறம், கல்லீரல் கெட்டாலும் ஏ.எஃப்.பி. ஏறும். எடுத்த ரத்தம் இருக்கும் குழாயில் சிவப்பணு உடைந்தாலே எல்.டி.ஹெச். ஏறிவிடும். சித்திரை வெயிலில் வேனில் குலுங்கிக்கொண்டு போகும் மாதிரிகளை நான் பார்த்திருக்கிறேன், அவற்றின் எல்.டி.ஹெச்.சை நம்பி யாரையும் பயமுறுத்த மாட்டேன். கட்டி இருப்பவன் ‘நார்மல்’ என்ற தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போவதுதான் இதில் பெரிய ஆபத்து.

இந்தப் பரிசோதனைகளுக்கு உரிய இடம் வேறு. வலியில்லாத கட்டியோ கனமோ தெரிந்தால் முதலில் அல்ட்ராசவுண்ட். அறுவை என்று முடிவானால், அதற்கு முன்பே ரத்தம் எடுத்தாக வேண்டும். கவட்டைப் பக்கம் கீறி விரையை அகற்றிய பிறகு ஏ.எஃப்.பி. 5 முதல் 7 நாளுக்கு ஒருமுறையும், ஹெச்.சி.ஜி. ஒன்றரை முதல் மூன்று நாளுக்கு ஒருமுறையும் பாதியாகக் குறைய வேண்டும். குறையாமல் நின்றாலோ ஏறினாலோ, ஸ்கேனில் எதுவும் தெரியாவிட்டாலும் பெரும்பாலும் நோய் வேறெங்கோ மிச்சமிருக்கிறது என்று பொருள். அறுவைக்கு முந்தைய அளவு கையில் இல்லாவிட்டால் இந்தக் கணக்கையே போட முடியாது. ஒருவருக்கு எப்போதும் ஒரே லேபில் எடுப்பதும் அவசியம். டெஸ்ட் செய்யும் கிட் மாறினால் எண்ணும் மாறும்.

முதல் கட்டத்தில் கண்டுபிடித்தால் ஏறக்குறைய எல்லோரும் குணமாகிறார்கள். நோய் திரும்புமா என்பதுதான் அடுத்த கேள்வி. அறுவையோடு நிறுத்திக்கொண்டால் செமினோமாவில் 100 பேரில் 15 முதல் 20 பேருக்குத் திரும்புகிறது. செமினோமா அல்லாத வகையில் சுமார் 30 பேருக்கு. அந்த வகையில் கட்டி ரத்த நாளத்துக்குள் புகுந்திருந்தால் பாதிப்பேருக்கு. அதைச் சொல்வது ரத்தமல்ல, அகற்றிய கட்டியின் பயாப்சி. மிர்-371 என்றொரு புதிய ரத்தக் குறியீடு செமினோமாவையும் காட்டிக்கொடுக்கிறது. டெரடோமா என்ற இன்னொரு வகைக் கட்டியை மட்டும் தவறவிடுகிறது. திரும்பிய நோயைப் பிடிப்பதில் அது கெட்டி. யாருக்குத் திரும்பும் என்று அறுவை முடிந்த கையோடு சொல்வதில் அதை இன்னும் நம்ப முடியாது. அதையும் அடுத்த ஆண்டு நோட்டீசில் போட்டுவிடாதீர்கள்.

முதல் கட்டத்தில் பெரும்பாலோருக்கு நோய் திரும்புவதில்லை என்பதால், அறுவைக்குப் பிறகு பலருக்குக் கீமோ இல்லாமல் கண்காணிப்பு மட்டும் போதும் என்கிறார்கள். சில மாதத்துக்கு ஒருமுறை ரத்தம், அவ்வப்போது ஸ்கேன், அதிலும் முதல் இரண்டு ஆண்டு தவறவே கூடாது. இங்கேதான் நம் பிள்ளைகள் நழுவிவிடுகிறார்கள். மதுரைக்குப் போய்வர ஒரு நாள் கூலி போகிறது. லேபிலோ, பீட்டா ஹெச்.சி.ஜி. ரிப்போர்ட்டின் கீழே கர்ப்ப வார அட்டவணை அச்சாகி வரும். அதைப் பார்த்துக் கவுண்டரில் சிரித்தால் அடுத்த முறை எந்தப் பையன் வருவான்? வீட்டிலோ, பெண் கொடுக்க மாட்டார்கள் என்று மூடி மறைக்கிறார்கள். மற்றொரு விரை நன்றாக இருந்தால் பெரும்பாலும் குழந்தைப்பேற்றுக்குத் தடையில்லை. தேவைப்பட்டால் சிகிச்சைக்கு முன்பே விந்தைச் சேமித்து வைக்கலாம்.

ஆகவே அந்த வரியை நீக்கிவிடுங்கள். அதற்கு ஒதுக்கிய தொகையில், கண்காணிப்பில் இருப்பவர்களுக்குப் பஸ் செலவும் ஸ்கேன் செலவும் கொடுங்கள். முகாமில் இளைஞர்களுக்குத் தனி அறையில் ஓர் ஆண் மருத்துவரை உட்கார வைத்து, சுய பரிசோதனையைச் சொல்லித்தரச் செய்யுங்கள். சிறுவயதில் விரை கீழிறங்காமல் இருந்தவர்களை அவர் கேட்டறிய வேண்டும். அவர்களுக்கு ஆபத்து கூடுதல். உதவி பெறுபவரின் பெயரை மட்டும் மேடையில் மைக்கில் வாசிக்காதீர்கள்.