போனில் சொல்லாதது

லீட்ஸ், இங்கிலாந்து, டிசம்பர்

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் மூன்று பேரும் நலம். நீயும் அப்பாவும் நலமா? ஏற்காட்டில் இப்போது காப்பிப் பழம் பறிப்பு நடக்கும். அப்பா விடியும்போதே தோட்டத்துக்குப் போயிருப்பார். நீ தனியாக உட்கார்ந்து படிப்பாய் என்று நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் "நல்லா இருக்கேம்மா" என்று சொல்வேனே, மூன்று மாதமாக அது பொய். அதனால்தான் எப்போதும் பாப்பாவையே காட்டிக்கொண்டிருந்தேன்.

இங்கே இந்த மாதத்தில் நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடுகிறது. இவர் வீடு வந்து சேர ஏழு ஆகும். அதுவரை நானும் குழந்தையும்தான். அவள் தூங்கினால் மூக்குக்கு அருகில் விரல் வைத்துப் பார்ப்பேன். மூச்சுக்காற்று படும். அடுப்படிக்குப் போவேன். ஒரு வெங்காயம் நறுக்கி முடிப்பதற்குள் மறுபடி ஓடுவேன். ஒரு ராத்திரி பதினோரு தடவை எழுந்து பார்த்திருக்கிறேன். குழந்தையை மல்லாக்கப் படுக்க வை, அறை 16 முதல் 20 டிகிரிக்குள் இருக்கட்டும் என்று இங்கே சொல்லித் தருகிறார்கள். நல்லதுக்குத்தான் சொல்கிறார்கள். எனக்கோ தெர்மாமீட்டரில் 21 என்று பார்த்தாலே நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வேர்த்துவிடும்.

உன்னிடம் ஒருமுறை லேசாகச் சொல்லிப் பார்த்தேன். "நாங்கெல்லாம் பெத்து வளக்கலியா கண்ணு?" என்றாய். நீ ஆறுதலாகத்தான் சொன்னாய், தெரியும். ஆனால் அதற்கப்புறம் எனக்கு வாய் வரவில்லை அம்மா.

நம்மூரில் கிராம சுகாதார நர்ஸ் வீட்டுக்கு வருவாரே, அதுபோல இங்கே ஹெல்த் விசிட்டர் என்று ஒருவர் வருவார். காசு கிடையாது. குழந்தையை எடை போட வந்தவர் என்னைப் பார்த்து, "நீங்க கடைசியா எப்ப நல்லா தூங்குனீங்க?" என்று கேட்டார். பாப்பா தூங்குகிறாளா என்றுதான் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். பிறகு ஒரு தாளைக் கொடுத்தார். பிள்ளை பெற்றவளின் மனசை அறிய எடின்பரோ பெயரில் 1987-லிருந்து புழங்கும் கேள்வித்தாள் அது. பத்தே கேள்விகள். போன ஏழு நாளில் காரணமில்லாமல் கவலைப்பட்டீர்களா என்பது அதில் ஒன்று. அங்கே வந்ததும் என்னால் எழுத முடியவில்லை, அழுதுவிட்டேன். அவர் டாக்டருக்கு எழுதினார். இப்போது வாரம் ஒருமுறை ஒரு மனநல ஆலோசகரிடம் பேசுகிறேன்.

அவர் சொல்லித் தந்தவை சின்னச் சின்ன விஷயங்கள். ஆறரை மணிக்கு இருபது நிமிஷம், மனசில் உள்ள பயத்தையெல்லாம் நோட்டில் எழுதிவிட வேண்டும். மற்ற நேரத்தில் பயம் வந்தால், "ஆறரைக்குப் பார்த்துக்கலாம்" என்று தள்ளிவைக்க வேண்டும். முதல் வாரம் முடியவே இல்லை. இன்னொன்று, மூச்சை இழுப்பதைவிட நீளமாக, மெதுவாக விடுவது. அப்படி விட்டால் இதயத்துடிப்பு அடங்குகிறது. விடும்போது ஏதாவது எண்ணச் சொன்னார். நான் இருபதிலிருந்து கீழே எண்ணுகிறேன்.

எனக்கு ஐந்து வயதில் காய்ச்சலோடு ஜன்னி கண்ட ராத்திரி ஞாபகம் இருக்கிறதா? ஜீப்பில் சேலத்துக்கு இறங்கினோம். கண்ணாடியெல்லாம் பனி. நீ என்னை முந்தானையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவாக எண்ணினாய்: இருபது, பத்தொன்பது, பதினெட்டு. நான் அழாமலிருக்க விளையாட்டுக் காட்டுகிறாய் என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். போன வாரம் பாப்பாவை நெஞ்சில் சாய்த்துக்கொண்டு எண்ணியபோதுதான், உன் கை அன்றைக்கு நடுங்கிக்கொண்டே இருந்தது நினைவுக்கு வந்தது.

அம்மாபேட்டையில் தங்கச்சியும் கைக்குழந்தையோடு ராத்திரி பகல் முழித்துக்கொண்டிருக்கிறாள். அவளிடமும் "எல்லாரும் வளக்கலியா" என்று சொல்லிவிடாதே. போய் அவள் வீட்டில் இரண்டு நாள் தங்கு. குழந்தையை நீ வாங்கிக்கொண்டு அவளைப் படுக்கச் சொல். ரொம்ப முடியவில்லை என்றால் 14416-க்குப் பேசச் சொல். டெலி மானஸ், அரசாங்கத்தோட மனநல உதவி எண். தமிழிலேயே பேசலாம், காசு இல்லை.

இப்போது ராத்திரிக்கு இரண்டு மூன்று தடவைதான் எழுகிறேன். நேற்று ஒரு தடவை. மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் பாப்பாவோடு வர டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அன்றைக்கு ஜீப்பில் உனக்கு எப்படி இருந்தது என்று நான் கேட்டதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது சொல்லம்மா. நான் என் முகத்தைக் காட்டியே பேசுகிறேன்.

இப்படிக்கு,
உன் மகள்