எட்டு கிலோமீட்டரும் எட்டு வடிவமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உடற்பயிற்சியின் அவசியம் பற்றிச் சென்ற வாரம் வெளியான கட்டுரையைப் படித்தேன். அதில் சொன்ன எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் மனம் மட்டும் இருந்தால் போதும், வாசலைத் தாண்டினால் நடைப்பயிற்சிதான் என்ற பொருளில் ஒரு வரி வந்திருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் எழுதுகிறேன். கட்டுரையாளரின் வாசல் எங்கே இருக்கிறதோ தெரியாது. என் வாசல் வடசென்னையில், தண்டையார்பேட்டையில் இருக்கிறது.

எனக்கு 52 வயது. எம்.சி. ரோடு துணிக்கடைகளுக்கு ரவிக்கையும் உள்பாவாடையும் தைத்துக் கொடுக்கிறேன். காலையில் மிஷின் முன்னால் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரவாகிவிடும். முன்பெல்லாம் காலால் மிதிக்கும் மிஷின். சாயங்காலம் கெண்டைக்கால் கடுத்துப்போகும். எட்டு வருடத்துக்கு முன் மோட்டார் பொருத்தினேன். இப்போது வலது கால் கட்டைவிரலை லேசாக அழுத்தினாலே ஊசி ஓடுகிறது. கால் கடுப்பு போயிற்று, சர்க்கரை வந்து சேர்ந்தது. மோட்டார்தான் காரணம் என்று பழி போட மாட்டேன், என் அம்மாவுக்கும் சர்க்கரை இருந்தது. ஆனாலும், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்த பெண் விரலில் குத்திப் பார்த்து 214 என்று சொன்னபோது, என் கண் முதலில் போனது அந்த மோட்டாரின் மேல்தான். என் மாமியார் அடிபம்பில் தண்ணீர் அடித்து இரண்டு மாடி குடம் தூக்கியவர். அந்தப் பாடு யாருக்கும் திரும்ப வர வேண்டாம். ஆனால் அதோடு போன உடல் அசைவுக்குப் பதிலாக எங்களுக்கு வேறு எதுவும் வரவில்லை.

சுகாதார நிலையத்து டாக்டர் அம்மா பொறுமையாக விளக்கினார். நடக்கும்போது கால் தசைகள், இன்சுலினை எதிர்பார்க்காமலே இரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளுமாம். அதனால் சாப்பிட்ட பிறகு நடப்பது நல்லது. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது நடந்தால்தான் சேரும் என்று முன்பு இருந்த விதியையும் 2020-இல் எடுத்துவிட்டார்கள். துண்டு துண்டாக நடந்தாலும் கணக்கில் வரும். அதே நிறுவனம் 2024-இல் வெளியிட்ட தகவலின்படி, இந்தியாவில் ஆண்களில் 100-க்கு 42 பேரும் பெண்களில் 57 பேரும் போதிய அளவு உடலை அசைப்பதில்லை. இந்த 15 பேர் வித்தியாசத்துக்குச் சோம்பல்தான் காரணம் என்று யாராவது சொன்னால், அவரை ஒரு நாள் எங்கள் தெருவில் நடக்கக் கூப்பிடுகிறேன்.

வீட்டிலிருந்து மெட்ரோ நிலையம் வரை நடைபாதையை விட்டு எத்தனை முறை சாலையில் இறங்க வேண்டியிருக்கிறது என்று ஒரு நாள் எண்ணினேன். பதினான்கு. நிறுத்திவைத்த பைக்குகள், மின்பெட்டி, பஞ்சர் கடை டயர்கள், பிரியாணி அண்டா, ஓரிடத்தில் மூடி பெயர்ந்து வாய் திறந்திருக்கும் மழைநீர் வடிகால். நிலையத்துக்குள் போனால் நகரும் படிக்கட்டை விட்டுவிட்டுச் சாதாரணப் படியில் ஏறுகிறேன். வழியில் எதுவும் குறுக்கே வராமல் என்னால் ஏற முடிந்த படிகள் அவைதான். கடற்கரைப் பக்கம் போகலாம் என்றால், எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் புகையையும் புழுதியையும் குடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும்.

2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டத்துக்கு ஒன்றாக 38 மாவட்டங்களிலும் எட்டு கிலோமீட்டர் நடைபாதைகளைத் தமிழக அரசு தொடங்கியது. நல்ல திட்டம்தான். சென்னைக்கு உரிய பாதை பெசன்ட் நகரில் இருக்கிறது. சாதாரணக் கட்டண பஸ்ஸில் மகளிருக்கு டிக்கெட் காசு இல்லை, உண்மை. ஆனால் நடப்பதற்காக நகரத்தின் மறுகோடிக்குப் போய்த் திரும்பினால் அன்றைக்கு என் மிஷினை யார் ஓட்டுவது?

பெசன்ட் நகர்க்காரர்களுக்கு எட்டு கிலோமீட்டர் என்றால், எங்களுக்கு எட்டு வடிவம். மொட்டை மாடியில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு, அவற்றைச் சுற்றி எட்டு போட்டு நடக்கிறோம். தண்ணீர்த் தொட்டி ஒரு பக்கம், துணிக்கொடி ஒரு பக்கம். ஈரப் புடவை முகத்தில் அறையாமல் குனிந்து குனிந்து நடப்பதால் முதுகுக்கும் பயிற்சி ஆகிறது. மூன்று பேருக்கு மேல் ஏறினால் கீழ்வீட்டுக்காரர் குரல் கொடுப்பார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். விடியற்காலையில் கோயிலுக்குப் போகிறேன் என்றால் வீட்டில் யாரும் எதுவும் கேட்பதில்லை. நடக்கப் போகிறேன் என்றால்தான், இந்நேரத்தில் எங்கே, தனியாகவா என்று கேள்வி வருகிறது. அதனால் வெள்ளிக்கிழமைகளில் மெட்ரோ பிடித்துத் திருவொற்றியூர் தேரடியில் இறங்கி, வடிவுடையம்மனைக் கும்பிட்டுவிட்டு மாட வீதிகளை நான்கு சுற்று சுற்றுகிறேன். பக்தி பாதி, சர்க்கரை பாதி. அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள். அங்கே என்னைப் போலவே வேகமாக நடக்கும் வேறு சில பெண்களையும் பார்க்கிறேன். ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்துக்கொள்கிறோம்.

வடசென்னைக்கு விளையாட்டு புதிதில்லை. வியாசர்பாடியில் கால்பந்தும் இராயபுரம், காசிமேட்டுப் பக்கம் குத்துச்சண்டையும் தலைமுறை தலைமுறையாக நடக்கின்றன. பெருமைதான். ஆனால் பந்தை உதைக்கும் இருபது பையன்களுக்கு நடுவே நான் எங்கே நடப்பது? மைதானத்தை அவர்களிடமிருந்து பிடுங்கவும் எனக்கு மனமில்லை.

புதிதாக எதுவும் கட்டித் தரச் சொல்லவில்லை. எங்கள் அடுத்த தெருவில் ஒரு மாநகராட்சிப் பள்ளி இருக்கிறது. அதன் திடலில் வேப்பமரம் இருக்கிறது, சுற்றுச்சுவர் இருக்கிறது, லாரி வராது. காலை எட்டு மணிக்கு மேல் பிள்ளைகள் வரும்வரை அது பூட்டியே கிடக்கிறது. இப்படிப்பட்ட திடல்களைக் காலை ஐந்தரை முதல் ஏழு வரை அக்கம்பக்கத்துப் பெண்களுக்கும் முதியவர்களுக்கும் திறந்துவிட்டால் போதும். ஒரு விளக்கும், பூட்டாத ஒரு கழிப்பறையும் வேண்டும். சாவிக்கு யார் பொறுப்பு, குப்பை போட்டால் யார் அள்ளுவது என்றெல்லாம் அதிகாரிகள் கேட்பார்கள் என்று தெரியும். எங்கள் தெருவில் ஆறு பெண்கள் பேசி வைத்திருக்கிறோம். முறை வைத்துத் திறப்போம், ஏழு மணிக்குத் திடலைப் பெருக்கிப் பூட்டிச் சாவியைக் காவலாளியிடம் கொடுத்துவிடுவோம். துடைப்பம் என்னுடையது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தண்டையார்பேட்டை, சென்னை - 81