மழைக்கும் தூசுக்கும் தாங்குமா அந்த ஏர் ஃபில்டர்?

ஆசிரியர் அவர்களுக்கு,

நீண்ட விடுமுறை வந்தால் சிங்கப்பூரில் பெரிய பைக் வைத்திருப்பவர்கள் மலேசியாவின் கேமரன் மலை, தாய்லாந்தின் ஹாட்யாய் என்று கிளம்பிவிடுகிறார்கள். அதற்கு முன்பாக ஏர் ஃபில்டர் இருக்கும் ஒரிஜினல் பெட்டியை, அதாவது ஏர் பாக்ஸைக் கழற்றிவிட்டு, பளபளக்கும் கூம்பு வடிவ கோன் ஃபில்டரை மாட்டிக்கொள்வது பலருக்கும் வழக்கம். காற்று கூடினால் சக்தி கூடும் என்ற நம்பிக்கைதான் காரணம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,745 சிசி எஞ்சின் 5,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 5,000 சுற்று), திராட்டிலை முழுதாகத் திருகினால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 4,000 லிட்டர் காற்றை இழுக்கும். அதே பைக் மலேசிய நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தில் 2,500 ஆர்பிஎம்மில் ஓடும்போது அதில் கால்வாசியே போதும். அங்கே காற்றைத் தடுத்து நிற்பது எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும், பாதி மூடிய திராட்டில் தட்டு, ஃபில்டர் அல்ல.

எனவே நெடும்பயண பைக்குக்கு முதலில் பார்க்கவேண்டியது இடைவெளியில் தூசு புகாமல் அடைக்கும் சீல். ஃபில்டரைத் தாங்கும் பேக்பிளேட்டுக்கும், திராட்டில் தட்டு இருக்கும் திராட்டில் பாடிக்கும் நடுவில் கேஸ்கட்டோ ஓ-ரிங்கோ (இடைவெளியை அடைக்கும் தகடு, வளையம்) சரியாக உட்காராவிட்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஃபில்டராக இருந்தாலும் தூசு பக்கவாட்டில் புகுந்துவிடும். சில நூறு கிலோமீட்டர் ஓட்டியபின் ஃபில்டரைக் கழற்றி, திராட்டில் பாடியின் உள்வாயை வெள்ளைத் துணியால் துடையுங்கள். விரலில் நரநரவென்று மண் தட்டுப்பட்டால் கசிவு இருக்கிறது. அந்த மண் பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் தேய்த்துவிடும். பேக்பிளேட் போல்ட்டுகளுக்கு, அவை கழலாமல் பிடிக்கும் நீலநிற திரெட்லாக் பசையை ஒரு சொட்டு விட்டே முடுக்கவேண்டும். அதிர்வில் கழன்றால் உள்ளே விழக்கூடும்.

அடுத்தது பிரீதர், அதாவது எஞ்சினுக்குள் சேரும் காற்றை வெளியேற்றும் வழி. ஹார்லி டூரிங் வகைகளில் சிலிண்டர் ஹெட்டுகளிலிருந்து வரும் ஆயில் கலந்த காற்று ஏர் கிளீனருக்குள்தான் வந்து முடிகிறது. அதற்கான போல்ட்டும் வழியும் நீங்கள் வாங்கும் ஃபில்டர் கிட்டில் உண்டா என்று பெட்டியைத் திறந்தே பார்த்துவிடுங்கள். எஞ்சின் ஆயிலை ஃபுல் கோட்டுக்கு மேல் ஊற்றினாலும் ஃபில்டர் நனைந்து சொட்டும்; பழி என்னவோ ஃபில்டர் மேல்தான் விழுகிறது!

திறந்த கோன் ஃபில்டருக்கு மழையுறை அவசியம். அதோடு, எக்ஸாஸ்டையும் (புகைக்குழாயையும்) சேர்த்து மாற்றினால் எஞ்சினுக்குப் பெட்ரோல் போதாமல் போகும்: திராட்டிலை விட்டால் டப் டப் என்று வெடிக்கும், சீரான வேகத்தில் இழுத்து இழுத்து ஓடும், சூடு ஏறும். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் மேப்பைத் திருத்தாமல் அது தீராது. எக்ஸாஸ்ட் விஷயத்தில் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளவேண்டும். 3 ஆண்டு தாண்டிய பைக் ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போயாகவேண்டுமே.

பெரும்பாலோருக்கு ஒரிஜினல் பாக்ஸுக்குள்ளேயே பொருந்தும், கழுவக்கூடிய தட்டையான பேனல் ஃபில்டர் போதும் என்பதே என் கருத்து. அதற்குப் பெரும்பாலும் மேப் திருத்தமும் தேவைப்படாது. இங்குள்ள கடைகள் காற்றோட்ட எண்ணை மட்டும் பெரிதாக எழுதாமல், ஏர் ஃபில்டர்களுக்கான அனைத்துலகச் சோதனை முறையான ஐஎஸ்ஓ 5011-இன்படி ஃபில்டர் எவ்வளவு தூசைப் பிடிக்கிறது என்பதையும் எழுதி வைக்கலாம்.

பருத்தி ஃபில்டரைக் கழுவும்போது உள்ளிருந்து வெளியே மெதுவாகத் தண்ணீர் விடவேண்டும். கம்ப்ரசர் காற்று இழையைக் கிழித்துவிடும். நம் ஊர் ஈரப்பதத்தில் அது காய ஓர் இரவு முழுக்க ஆகலாம். நன்றாகக் காய்ந்தபிறகே ஆயில் பூசவேண்டும். அதனால் கிளம்புவதற்கு முந்தின இரவில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

பைக் மெக்கானிக்,
காக்கி புக்கிட்